அந்தமானுக்கு ஒரு சமையல்காரர்

"ஒரு ஆளுதானுங்களா?" என்று டிராவல்ஸில் இருந்த பெண் மறுபடியும் கேட்டாள்.

"ஒரு ஆளுதான்," என்றான் நந்தகுமார்.

"ரெண்டு பேராப் போனா பேக்கேஜ் இருக்குதுங்க. ரூம்ல கட்டிலு மேல பூவெல்லாம் தூவி வெப்பாங்க."

"பூ வேண்டாம்."

அந்தப் பெண்ணின் பெயர் தீபிகா. திருச்செங்கோட்டில் அந்தமானுக்கு விமான டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் புது மாலை வாசம் போகாத ஜோடிகள்தான். தாடியோடு தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் இந்த ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆபீஸ் வேலையாப் போறீங்களா?"

"இல்ல."

"அங்க ஒறம்பரை, சொந்தபந்தம் யாராச்சும்?"

"இல்ல."

"பின்ன எதுக்குங்க?"

"கடல் பாக்க."

"பாத்துட்டு?"

நந்தகுமார் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"பாத்துட்டு என்ன? அவ்வளவுதான்."

தீபிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "திரும்பி வர எந்தத் தேதிக்குப் போடட்டுங்க?"

"அது இப்ப வேண்டாம். போறதுக்கு மட்டும் போடுங்க."

அவன் உண்மையைத்தான் சொன்னான். திரும்பும் தேதி அவனுக்குத் தெரியாது. நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் அவனுக்கு வேலை. வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலமாகக் காய்ந்ததையும் நனைந்ததையும் ஒரே முகத்தோடு 'சரி' என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "எங்கயாச்சும் போயிட்டு வா தம்பி. எப்ப மனசு தேறுதோ அப்ப வா," என்று லீவு கொடுத்துவிட்டார். கோழிகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை அப்படி.

எங்கே போவது என்பதில் மட்டும் குழப்பம் இல்லை. அவன் மனைவி இனியா எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் போக வேண்டியது தள்ளிப் போனது. அடுத்த வருஷமும் தள்ளிப் போனது. மாசி மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தேர்த் திருவிழாக் கடையில் அவள் வாங்கிய நீலப்பூப் போட்ட ரப்பர் செருப்பு கவர் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. "அந்தமான் மண்ணுலதான் மொதல்ல போடுவேன்," என்று சொல்லியிருந்தாள்.

அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த மண்ணில் ஒரு தடவை வைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மாசிக்குப் பிறகு அவன் வேண்டும் என்று நினைத்தது இது ஒன்றைத்தான். சோறு, தூக்கம், அழுகை எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. வரவும் இல்லை.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பால்காரரிடம் இனிமேல் பால் வேண்டாம் என்றான். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்துவிடுமே என்று இனியா வைத்த மல்லிகைத் தொட்டிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தான்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மாமியார் மாரியாயி நின்றிருந்தாள். மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள். இப்போதும் எடுத்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"மாப்பிள்ளை, அந்தமான் போறீங்களாமா?"

"யார் சொன்னா அத்தை?"

"அந்த டிராவல்ஸ்ல இருக்கற புள்ளையோட சித்தி எங்க ஊட்டுக்கு எதுத்த ஊடுதானுங்க."

திருச்செங்கோட்டில் ஒரு விஷயம் ரகசியமாக இருக்க வேண்டுமென்றால், அதைத் திருச்செங்கோட்டில் செய்யக் கூடாது. நந்தகுமாருக்கு இது தெரியும். மறந்துவிட்டான்.

"நானும் வாரேன் சாமி," என்றாள் மாரியாயி.

"எங்க?"

"கடலுக்கு. கடலப் பாக்காம எங்கண்ணு மூடாது."

"நீங்க சேலம் போறதுக்கே ரெண்டு எலுமிச்சம்பழம் வேணும். இது பிளேன், அத்தை."

"நாலு எடுத்துக்கறேன்."

"நானும் நீங்களும் மட்டும் போனா நல்லாருக்குமா? ஊர் என்ன சொல்லும்?"

இது அவளை மடக்கிவிடும் என்று நினைத்தான். மாரியாயி தலையாட்டினாள். "அதுவும் வாஸ்தவந்தானுங்க. அதனாலதான் மாமாவும் வாராரு."

வாசலுக்கு வெளியே செருமல் கேட்டது. மாமனார் செல்லமுத்து ஒரு மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற சமயம். இடி விழுந்தாலும் காட்டை விட்டு நகராதவர்.

"கெழங்கு?" என்றான் நந்தகுமார்.

"கெடக்குது," என்றார் செல்லமுத்து.

இருவரும் அன்றைக்கு ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மத்தியானம் செல்லமுத்து வாசல்படிக்குக் குறுக்கே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். "காத்து இங்கதானுங்க வருது," என்றார். வெளியே போக வேண்டுமென்றால் மாமனாரைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமனாரை எப்படித் தாண்டுவது? நந்தகுமார் உள்ளேயே இருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மாரியாயி சாஸ்திரம் பார்க்கிறவள். அதை வைத்தே அவளைக் கழற்றிவிடலாம்.

"அத்தை, நீங்க, மாமா, நான். மூணு பேர் ஆகுதே. மூணு பேராக் கெளம்பக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? பொண்ணு பாக்க வந்தப்பவே மூணு பேரா வந்தோம்னு ஒருத்தரத் தெருமுனையில நிறுத்திட்டு வரச் சொன்னீங்க."

மாரியாயி திடுக்கிட்டாள். "அய்யய்யோ, ஆமாங்க!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நந்தகுமாருக்கு மனசு லேசானது. அந்த லேசு ராத்திரி சாப்பாடு வரைக்கும் நின்றது. மறுநாள் காலையில் சங்ககிரியிலிருந்து அவன் அக்கா பிரபா வந்து இறங்கினாள்.

"நான் நாலாவது ஆளுடா," என்றாள்.

"அக்கா, உனக்கு எதுக்கு அந்தமான்?"

"ஏன், எனக்குக் கடல் புடிக்காதா?"

"உனக்கு மீன் வாசமே ஆகாது."

"கடல் பூரா மீனாடா இருக்குது?"

பிரபா தம்பியிடம் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் பையா? ஒரே ஒரு செட்டுத் துணிதான் இருக்குது?"

"போதும்."

"ஒண்ணு போதுமாடா?"

"போதும்க்கா. அங்க எதுக்கு நெறைய?"

பிரபா எழுந்து வெளியே போய் அவள் கணவனுக்குப் போன் போட்டாள். அவள் கணவன் செங்கோடன் போர்வெல் லாரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். ஒரு வேலையைச் சொன்னால் மூன்று வேலை செய்வார். மூன்றையும் சத்தமாகச் செய்வார்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். வந்த வேகத்தில் நந்தகுமாரின் பைக் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வண்டி சத்தம் சரியில்ல மாப்ளே. சர்வீஸுக்கு விட்டர்றேன்."

"போன வாரந்தான் விட்டேன், மச்சான்."

"அவன் சரியாப் பாக்கல."

பைக் போய்விட்டது. இப்போது கணக்கு ஐந்து. அவனோடு வருகிறவர்களில் யாருக்கும் அந்தமான் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. செல்லமுத்து அது ராமேஸ்வரத்துக்குப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிளேன் வழியில் டீக்கு நிற்குமா என்று மாரியாயி கேட்டாள். ஓசியில் ஊர் சுற்ற அலைகிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அவரவர் டிக்கெட்டை அவரவரே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். செத்தவளை மறந்துவிட்டு ஜாலியாகக் கிளம்புகிறார்கள் என்று நந்தகுமார் நினைத்தான். கோபம் வர வேண்டிய இடம். கோபமும் வரவில்லை.

அவன் கடைசியாக ஒரு ஆயுதத்தை எடுத்தான்.

"அங்க போனா எல்லாம் மீனு, நண்டுதான். அத்தைக்கும் அக்காவுக்கும் ஒரு வாய் இறங்காது. பட்டினி கெடக்கணும். யோசிச்சுக்குங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை சொல்றதும் சரிதான். கூட ஒரு ஆளு வேணும்," என்றார். செங்கோடனோடு வெளியே போனார். வெகுநேரம் பேசினார்கள்.

மறுநாள் ஆறாவது ஆள் வந்தார். பெயர் சின்னான். நடுத்தர வயது, அகன்ற மார்பு, இரண்டு காதிலும் பஞ்சு. அரை டிராயரும் பனியனும் போட்டிருந்தார். தோளில் தடிக் கயிறு ஒரு கட்டு.

"சமையலுக்கு," என்றார் செங்கோடன்.

"கயிறு எதுக்கு?"

"துணி காயப்போட மாப்ளே."

நந்தகுமார் மரியாதைக்கு, "ஒரு டீ போட்டுக் குடுங்களேன்," என்று சின்னானிடம் சொன்னான். சின்னான் மாரியாயியைப் பார்த்தார். மாரியாயி பதறி எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்.

"அவரு சில்லறை வேலையெல்லாம் செய்ய மாட்டாருங்க மாப்பிள்ளை. கல்யாணச் சமையலு. ஐநூறு பேருக்குக் கொறஞ்சு ஆக்க மாட்டாரு. நான் போடறேன் டீ."

சின்னான் டீயைக் குடித்துவிட்டு, சுவரில் இனியா ஒட்டி வைத்திருந்த அந்தமான் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல படிக்கட்டு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

"கடலுக்குப் படிக்கட்டு இருக்காதுங்க," என்றான் நந்தகுமார்.

"பொறவு எப்படி எறங்கறது?"

"சின்னான், சித்த சும்மா இரு," என்றார் செங்கோடன்.

இது சரிப்படாது என்று நந்தகுமார் முடிவு செய்தான். படிக்கட்டு தேடுகிற சமையல்காரர், எலுமிச்சம்பழத்தோடு மாமியார், கயிறு. இந்தக் கூட்டத்துக்கு நடுவே அந்தச் செருப்பைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட முடியாது. அவன் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"நான் அந்தமான் போகல. ஏற்காடு போறேன். பக்கத்துலதான் இருக்குது. யாரும் வர வேண்டாம்."

மாரியாயிக்கு முகம் வெளுத்தது. "வருசம் திரும்பறதுக்குள்ள மலையேறக் கூடாதுங்க!"

"அது கோயில் மலைக்குத்தான அத்தை?"

"மலைன்னா மலைதானுங்க. ஒசரம் ஒசரந்தான."

"சரி, மேட்டூர் போறேன். அணையப் பாத்துட்டு வரேன்."

"அணை வேண்டாம் மாப்பிள்ளை," என்றார் செல்லமுத்து. "இப்பத் தண்ணி நெறைய நிக்குது."

"அந்தமான்ல அதைவிட நெறைய நிக்குதுங்களே மாமா."

பிரபா மூக்கை உறிஞ்சினாள்.

"இத பாரு மாப்ளே," என்றார் செங்கோடன், "அந்தமானுக்குன்னு எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு. ஆளு வந்தாச்சு. இனி மாத்த முடியாது. அந்தமானே போலாம்."

"அந்தமானே போலாமுங்க," என்றாள் மாரியாயி. மலையைவிடவும் அணையைவிடவும் அந்தமான் பத்திரம் என்பதுபோல அவள் குரல் இருந்தது.

அதற்குப் பிறகு ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. செங்கோடன் காற்றடித்த லாரி டியூப் இரண்டு கொண்டுவந்தார். "கடல்ல குளிக்க," என்றார். பிரபா அவித்த முட்டையும் வறுத்த கடலையும் மூட்டை கட்டினாள். மாரியாயி ஊறுகாய் பாட்டிலை நந்தகுமாரின் பையில் வைக்கப் போனாள். பையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே கவர் பிரிக்காத நீலப்பூச் செருப்பு இருந்தது. பாட்டிலை வைக்காமலே பையை மூடிவிட்டு அடுப்படிக்குள் போனாள். குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது.

ஊறுகாய்க்கு இடம் இல்லை என்று வருத்தம் போல என்று நந்தகுமார் நினைத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தீபிகாவிடமிருந்து போன் வந்தது. செங்கோடன் வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மன்னிச்சுக்கங்க. நீங்க கேட்ட சீட்டு எல்லாம் கிடைக்கலீங்க. அந்த பிளேன்ல நந்தகுமார் சாருக்குப் போட்டது போக இன்னும் ஒரே ஒரு சீட்டுத்தான் இருக்குது. ஒருத்தருக்குத்தான் போட முடியும். யாரு பேருக்குப் போடட்டுங்க?"

நந்தகுமாரின் நெஞ்சில் மாசிக்குப் பிறகு முதல் தடவையாக என்னவோ ஒன்று அசைந்தது. நம்பிக்கை என்றே சொல்லலாம். அவனுக்குத் தன் சொந்தக்காரர்களைத் தெரியும். ஒரு கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றுக்காக அக்காவும் அத்தையும் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். ஒரு பிளேன் சீட்டுக்கு ஐந்து பேர். இப்போது சண்டை மூளும். மூண்டால் யாரும் போக மாட்டார்கள். அவன் மட்டும் போவான். செருப்பை மண்ணில் வைப்பான்.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு சண்டைக்குக் காத்திருந்தான்.

"சின்னான் பேருக்குப் போடும்மா," என்றார் செல்லமுத்து.

"ஆமா, சின்னானுக்கு," என்றாள் பிரபா.

"சின்னானுக்குத்தான்," என்றார் செங்கோடன்.

நந்தகுமார் நிமிர்ந்தான். "அத்தை, கடலப் பாக்காமக் கண்ணு மூடாதுன்னீங்களே?"

"அப்பறம் பாத்தாப் போச்சு சாமி. கடலு எங்கீங்க போவுது?"

"ஒரு ஆளுக்குச் சமைக்க ஒரு ஆளா?"

"நீங்க ஒழுங்காச் சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

"அப்ப நீங்களே வாங்க அத்தை. நீங்கதான் நல்லாச் சமைப்பீங்களே."

"எங் கைப்பக்குவமெல்லாம் போயிருச்சுங்க," என்றாள் மாரியாயி. காலையில் அவள் வைத்த கொள்ளு ரசத்தை அவனே இரண்டாவது தடவை கேட்டு வாங்கியிருந்தான்.

"ஐநூறு பேருக்குக் கொறஞ்சு ஆக்க மாட்டாருன்னீங்க?"

"உங்களுக்காக எறங்கி வருவாருங்க."

"எனக்குச் சமையல்காரர் வேண்டாம். ஓட்டல் இருக்குது. நான் தனியாப் போறேன்."

"மாப்பிள்ளை!" என்றார் செல்லமுத்து. அவர் இதுவரை அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. "எங்க யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம். நாங்க வரல. ஆனாச் சின்னான் வருவாரு. நீங்க போற எடமெல்லாம் அவரும் வருவாரு. எம் பொண்ணு மேல ஆணை."

போனில் தீபிகா தொண்டையைச் செருமினாள். "சார், ரெண்டு பேருக்கும் திரும்பி வர டிக்கெட்டையும் இப்பவே போட்டுர்றேனுங்க."

"போடு கண்ணு, போடு," என்று நான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

நந்தகுமார் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தனியாக ஒரு இடத்துக்குப் போக நினைத்தான். அதற்குப் போய், அரை டிராயர் போட்ட ஒரு சமையல்காரரோடு அந்தமானில் ஜோடியாகத் திரியப் போகிறான். ரூமில் பூ வேறு தூவி வைத்துவிட்டால்?

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

சின்னான் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, கயிற்றை அடி அடியாக இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுந்துவிடுமா என்று சோதிப்பதுபோல இருந்தது. துணி காயப்போடுகிற கயிற்றுக்கு இவ்வளவு சோதனை எதற்கு?

நந்தகுமார் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பஞ்சு வைத்த காதுக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டான்.

"ஏனுங்க, நாளைக்கு நாம ரெண்டு பேருதான் போறோம். எல்லாரும் உங்களையே கட்டிக்கிட்டு அழறாங்க. அப்படி என்னதாங்க சமைப்பீங்க?"

சின்னான் அடுப்படி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கயிற்றைக் கீழே வைத்தார். இவ்வளவு நாளாக வாயை அடக்கி வைத்திருந்த சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"சமையலுங்களா? எனக்கு அடுப்பே பத்தவெக்கத் தெரியாதுங்க சாமி. நம்ம பக்கம் கெணத்துல யாராச்சும் உளுந்துட்டா, எறங்கித் தூக்கியாரது நானுங்க."